பிப்ரவரியில் 14 பள்ளி நாட்கள்: ஒரு குடும்பப் பயணமும் இரண்டு பிள்ளைகளின் பாடமும்

பின்னணி

குரோம்பேட்டையில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் படிக்கும் ஒரு அக்காவும் தம்பியும் 2025 பிப்ரவரி 7ஆம் தேதி இரவு பெற்றோருடன் வெளியூர் கிளம்பி, மார்ச் 1 காலையில் திரும்பினார்கள். அக்கா ஏழாம் வகுப்பு, தம்பி மூன்றாம் வகுப்பு. இருவரும் ஒரே பள்ளி, மாநிலப் பாடத்திட்டம். அந்த 22 நாளில் இருவரின் படிப்பும் எப்படிப் போனது, எங்கே பிடித்து நின்றது, எங்கே நழுவியது என்று எழுதி வைக்கிறேன். பள்ளி நடக்கும்போதே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டிய நிலைமையில் இருக்கும் பெற்றோருக்கும், என்னைப் போல் பாடம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் இது உதவலாம்.

மே மாதம் போயிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அப்பா சரக்குக் கப்பலில் என்ஜின் பிரிவில் வேலை பார்ப்பவர். ஒரு காண்ட்ராக்ட் ஆறேழு மாதம். அவர் எப்போது சைன் ஆஃப் ஆவார், அதாவது காண்ட்ராக்ட் முடிந்து கப்பலிலிருந்து இறங்குவார் என்பதைக் கம்பெனியும் கப்பல் நிற்கும் துறைமுகமும்தான் முடிவு செய்யும். முந்தைய வருடக் கோடை விடுமுறையில் அவர் கடலில் இருந்தார். இந்த முறை ஜனவரி கடைசியில் வந்தார், ஏப்ரல் மூன்றாம் வாரம் திரும்பப் போகவேண்டும். ஏப்ரலில் பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு, மார்ச் அதற்கான திருப்புதல். மிச்சம் இருந்தது பிப்ரவரி மட்டும்தான். தூத்துக்குடியில் இருக்கும் அவருடைய அம்மாவும் பேரப்பிள்ளைகளைப் பார்த்து ஒன்றரை வருடமாகியிருந்தது.

வழி இப்படி முடிவானது: தஞ்சாவூரில் மூன்று நாள், மதுரையில் நான்கு, தூத்துக்குடியில் ஆச்சி வீட்டில் பத்து, கடைசியாகக் கன்னியாகுமரி. சனி, ஞாயிறையும் தைப்பூச விடுமுறையையும் கழித்தால் பள்ளிக்குப் போகாத நாட்கள் 14.

பயணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை, அதனால் ஒரு வருடம் போய்விடும் என்ற பயம் தேவையில்லை. இருந்த ஆபத்து வேறு. ஏழாம் வகுப்பு வரை மூன்று பருவமாகப் பாடம் நடக்கிறது. மூன்றாம் பருவம் பொங்கலை ஒட்டித் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடும், உள்ளதிலேயே குறுகிய பருவம் அது. அதில் 14 நாள் போனால் கணிசமான பாடம் போகும். தவிர, நூற்றுக்கு 60 மதிப்பெண்தான் பருவத் தேர்வுக்கு. மிச்சம் 40 வளரறி மதிப்பீடு, அதாவது செயல்பாடுகளும் சின்னச் சின்ன எழுத்துத் தேர்வுகளும். அவை வகுப்பில் இருந்தால்தான் கிடைக்கும்.

கிளம்பும் முன் பார்த்தது

ஜனவரி கடைசி வாரத்தில் இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பார்த்தேன். மதிப்பெண் போடவில்லை, யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்தால் போதும் என்று இருந்தது.

அக்காவுக்குத் தசமப் பெருக்கல் நன்றாக வந்தது. பின்னத்தைச் சதவீதமாக மாற்றுவதில் விதியை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தாள். ‘நூறால் பெருக்கணும் மிஸ்’ என்றாள். ஏன் என்று கேட்டால் பேச்சு நின்றுவிட்டது. அவள் படித்ததை எளிதில் மறப்பவள் இல்லை. ஆனால் நடுவில் ஒரு படி விட்டுப்போனால் அடுத்த படியில் கால் வைக்கத் தயங்குவாள். மூன்றாம் பருவக் கணக்கில் சதவீதமும் தனிவட்டியும் அடுத்தடுத்து வரும். அப்புறம் இயற்கணித முற்றொருமைகள், அதாவது (a+b)², (a−b)² வகையறா.

தம்பி நேர் எதிர். சொன்னவுடன் பிடித்துக்கொள்வான், விட்டவுடன் கைநழுவ விடுவான். டிசம்பரில் ஏழாம் வாய்ப்பாட்டைத் தடங்கலில்லாமல் சொன்னவன், அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் முடிந்து வந்தபோது ஏழு ஆறுக்கு மேல் விரல் விட்டு எண்ணினான். தமிழ் வாசிப்பும் மெதுவாக இருந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படிக்க 2 நிமிடம் 40 விநாடி ஆனது. ழகரம் வரும் இடத்திலெல்லாம் ஒரு நொடி நின்று, எழுத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தான்.

ஒரே குடும்பம், ஒரே பயணம் என்றாலும் இருவருக்கும் ஒரே ஏற்பாடு சரிவராது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

எடுத்த முடிவுகள்

அம்மா முதலில் எல்லாப் பாடப்புத்தகத்தையும் எல்லா நோட்டையும் ஒரு தனிப்பையில் எடுத்து வைத்திருந்தார். தூக்கிப் பார்த்தேன், ஒன்பது கிலோவாவது இருக்கும். அதை முழுக்கப் பிரித்தோம். விட்டுவிட்டால் திரும்பி வந்து தானாகப் பிடிக்க முடியாதது எது என்று ஒவ்வொரு பாடத்துக்கும் கேட்டுக்கொண்டே போனோம். சமூக அறிவியலையும் அறிவியலையும் வந்தபிறகு வாசித்துப் பிடித்துவிடலாம். ஆங்கிலமும் தமிழும் அக்காவுக்குப் பிரச்சினையில்லை. மிஞ்சியது அவளுக்குக் கணக்கு, தம்பிக்கு வாசிப்பும் வாய்ப்பாடும்.

அக்கா வாரத்துக்கு நான்கு நாள், காலை உணவுக்கு முன்னால் முக்கால் மணி நேரம், கணக்கு மட்டும் என்று வைத்தோம். மொத்தம் 12 முறை உட்கார வேண்டும். தம்பிக்குப் பயண நாட்கள் ஐந்தைத் தவிர மற்ற 17 நாளும் கால் மணி நேரம்: பத்து வரி சத்தமாக வாசிப்பு, பத்து வாய்ப்பாட்டுக் கேள்வி. அக்காவை அம்மா பார்த்துக்கொள்வார், தம்பியை அப்பா உட்காரவைப்பார் என்று முடிவு செய்தோம். இந்தக் கடைசி யோசனை என்னுடையது. அப்பாவும் மகனும் சேர்ந்திருக்க ஒரு வாய்ப்பு என்று நினைத்தேன். அது தவறு என்பது பயணத்தின் ஐந்தாம் நாள் தெரிந்தது.

கணக்குப் புத்தகமும் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகமும் பைக்குள் போயின. மற்ற பாடங்களின் மூன்றாம் பருவப் புத்தகங்களை பிடிஎஃப்பாக அம்மாவின் போனில் இறக்கி வைத்தோம். பாடநூல்கள் இலவசமாகவே இணையத்தில் கிடைக்கின்றன. கூடவே ஆளுக்கு ஒரு 40 பக்க நோட்டு.

பள்ளிக்கு விடுமுறைக் கடிதம் கொடுத்தார்கள். தலைமை ஆசிரியை சம்மதித்தார், ‘வந்ததும் நோட்ஸ் எல்லாம் முடிச்சிடணும்’ என்று மட்டும் சொன்னாராம். இந்த ஒரு வரியை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தஞ்சாவூர்: நோட்ஸ் துரத்தியது

தாம்பரத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி, 8ஆம் தேதி காலை தஞ்சாவூர் இறங்கினார்கள். அன்று மாலையே பெரிய கோயில். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பக்கத்தில் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள் அக்கா. அறிவியலில் அந்தப் பருவம் ஒளியியல் பாடம் இருந்தது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு மறுபடி போகவேண்டும் என்று அடம்பிடித்து, பிராகாரத்தில் நீளமாக விழுந்து கிடந்த நிழலைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். நிழல் நன்றாகவே விழுகிறது. ஆயிரம் ஆண்டு நிற்கும் கோயிலுக்கு அந்தக் கதை தேவையும் இல்லை. நான் சொல்லாமல் அவளே போய்ப் பார்த்தது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

ஆனால் அதே ஊரில்தான் முதல் சிக்கலும் வந்தது. 10ஆம் தேதி திங்கள், பள்ளி வைத்த நாள். வகுப்புப் பிள்ளை ஒருவரின் அம்மா அன்புடன் அன்றைய எல்லாப் பாட நோட்டையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். இருபது படங்களுக்கு மேல். அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் பதற்றம் வந்துவிட்டது. இப்போதே எழுதிவிட்டால் வந்தபிறகு பாரம் இருக்காது என்று நினைத்து, லாட்ஜில் கட்டில்மேல் அக்காவை உட்காரவைத்து நோட்ஸ் எழுதவைத்தார். இரவு பத்தரை ஆனது. மறுநாள் காலை மதுரைக்குப் பஸ். அவள் வழியெல்லாம் தூங்கினாள், கணக்கு நோட்டு திறக்கப்படவே இல்லை.

எனக்கு இது தெரிந்தது இரண்டு நாள் கழித்துத்தான். நோட்ஸ் எழுதுவது நேரம் தின்னும் வேலை. போனைப் பார்த்து எழுதும்போது கை மட்டும் நகரும், மனம் எங்கோ இருக்கும். எழுதிய பக்கத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டால் பிள்ளையால் பதில் சொல்ல முடியாது. இருந்தாலும் அது கண்ணுக்குத் தெரியும் வேலை. எத்தனை பக்கம் முடிந்தது என்று காட்டலாம். பதற்றத்தில் இருக்கும் பெற்றோர் அதைப் பிடித்துக்கொள்வது இயல்புதான்.

மதுரை: அப்பாவும் ஏழாம் வாய்ப்பாடும்

மதுரையில் இறங்கிய 11ஆம் தேதி தைப்பூசம். மாலை மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா. அன்று யாரும் புத்தகத்தைத் தொடவில்லை, தொட்டிருக்கவும் கூடாது.

12ஆம் தேதி காலை அப்பா தம்பியை உட்காரவைத்தார். வாசிப்பு பரவாயில்லை. வாய்ப்பாட்டில் ஏழு எட்டு கேட்டபோது 54 என்றான். திருத்தினார். மறுபடி கேட்டார், 63 என்றான். மூன்றாம் முறை அவர் குரல் உயர்ந்துவிட்டது. பிள்ளை அழுதுகொண்டே, ‘நீங்க கப்பலுக்கே போயிடுங்கப்பா’ என்று சொல்லிவிட்டான்.

அன்று இரவு அம்மா எனக்குப் போன் செய்தார். “அவர் வீட்ல இருக்கறதே மூணு மாசம் டீச்சர். இன்னிக்கு முழுக்க யாரோடயும் பேசல. வாய்ப்பாடே வேணாம்னு தோணுது” என்றார்.

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். தவறு எங்கே என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அப்பா ஏழு மாதம் கழித்து வந்திருக்கிறார். போகும்போது மகன் எந்த நிலையில் இருந்தான், இப்போது எங்கே இருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் கேள்வி கேட்கிறார். மகனுக்கோ அது பரீட்சையாக இருக்கிறது. அதுவும் தன்னைப் பற்றி நல்லவிதமாக நினைக்கவேண்டும் என்று அவன் மிகவும் ஆசைப்படும் ஒருவர் முன்னால். டியூஷனில் என்னிடம் தப்பாகச் சொன்னால் அவனுக்கு வெட்கம் இல்லை, தினமும் தப்பாகச் சொல்லும் இடம் இது. அப்பாவிடம் அப்படி இல்லை. இந்தக் குடும்பம் ஊருக்குக் கிளம்பியதே அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து இருப்பதற்குத்தான். அதன் நடுவில் வாய்ப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தது நான்.

அன்றிரவே மூன்று மாற்றம் செய்தோம். தம்பியின் கால் மணி நேரம் அம்மாவிடம் போனது, தூத்துக்குடி போனபிறகு ஆச்சி கேட்பார். நோட்ஸ் எழுதுவது அடியோடு நிறுத்தம். படம் அனுப்பியவரிடம் நன்றி சொல்லி, வெள்ளிக்கிழமை மட்டும் அந்த வாரம் நடந்த பாடத் தலைப்புகளை ஒரே செய்தியாக அனுப்பினால் போதும் என்று அம்மா கேட்டுக்கொண்டார். மூன்றாவது, அப்பா பாடம் எதுவும் கேட்கக்கூடாது. அவருக்குத் தெரிந்ததை அவர் சொல்லட்டும், பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்.

14ஆம் தேதி கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனார்கள். ஏழாம் வகுப்பு மூன்றாம் பருவ வரலாற்றில் தமிழகத்தில் சமணம், பௌத்தம், ஆசீவகம் பற்றிய பாடம் இருக்கிறது. முந்தைய இரவு அக்கா அதைப் போனில் வாசித்துவிட்டுப் போனாள். முதலில் வாசித்துவிட்டு அப்புறம் போய்ப் பார்ப்பது என்ற இந்த வரிசை நன்றாக வேலை செய்தது. செட்டிப்புடவில் உட்கார்ந்த நிலையில் இருக்கும் தீர்த்தங்கரர் சிற்பத்தையும், பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகச் செதுக்கிய உருவங்களையும், அவற்றின் கீழே பழைய தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தையும் பார்த்தபோது, என்ன பார்க்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்று மாலை யாரும் சொல்லாமல் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். ‘இந்த எழுத்தை இன்னிக்கு நம்மால படிக்க முடியல, ஆனா எழுதினவங்களுக்கு அதுதான் சாதாரணத் தமிழ்’ என்று அதில் ஒரு வரி.

தூத்துக்குடி: வாட்ச், மக்ரூன், உப்பு

பத்து நாள் ஒரே வீட்டில் இருந்ததால் இங்குதான் ஏற்பாடு ஒழுங்காக நடந்தது. ஆச்சி அதிகம் படித்தவர் இல்லை, ஆனால் தமிழ் நன்றாக வாசிப்பார். தம்பி வாசிப்பதைக் காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். தப்பாக வாசித்தால் திருத்தமாட்டார், ‘என்னய்யா, ஆச்சிக்குச் சரியா கேக்கல, இன்னொருக்கா சொல்லு’ என்பார். அவன் மறுபடி பார்த்துத் தானே திருத்திக்கொள்வான். நான் 11 வருடமாகப் பாடம் எடுக்கிறேன், இவ்வளவு இதமாகத் திருத்த எனக்கு வந்ததில்லை. அன்றிலிருந்து என் மாடியிலும் இந்த வாக்கியத்தைப் பயன்படுத்துகிறேன்.

அப்பா தம்பிக்குக் கப்பல் வாட்ச், அதாவது முறை மாற்றிப் பார்க்கும் பணி நேரம் பற்றிச் சொன்னார். அவர் வேலை பார்த்த கப்பலில் என்ஜின் அறையில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு வாட்ச்: 12 முதல் 4, 4 முதல் 8, 8 முதல் 12. ஒரு நாளில் ஒவ்வொன்றும் இரண்டு முறை வரும். மணியை 24 மணிக் கணக்கில்தான் எழுதவேண்டும், மாலை நாலரை என்றால் 16.30. தம்பிக்கு இது பிடித்துப்போய், வீட்டில் எல்லாருக்கும் வாட்ச் பிரித்துக் கொடுத்து ஒரு நோட்டில் பதிவு எழுத ஆரம்பித்தான். ஆச்சி 4 முதல் 8, அவர்தான் விடியற்காலையில் எழுகிறார். 24ஐ நாலால் பிரித்தால் ஆறு வாட்ச், மூன்று பேர் என்றால் ஆளுக்கு இரண்டு. வகுத்தல் என்ற பெயர் தெரியாமலே வகுத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் பேக்கரியில் 24 மக்ரூன் வாங்கி, சித்தப்பா பிள்ளைகளையும் சேர்த்து ஆறு பேருக்குப் பங்கு போட்டான். மூன்றாம் முறை ஆளுக்கு நாலு சரியாக வந்ததா என்று அவனே எண்ணிச் சரிபார்த்தானாம்.

அக்காவுக்கு இந்த ஊரில் கிடைத்தது உப்பு. அப்பாவின் உறவினர் ஒருவர் உப்பளத்தில் மேற்பார்வை பார்க்கிறார். மழை ஓய்ந்து பாத்திகளைச் சீர்செய்து உற்பத்தி தொடங்கும் காலம். கடல்நீரில் சுமார் 3.5 சதவீதம் உப்பு என்று அப்பா சொல்ல, அப்படியென்றால் ஒரு கிலோ உப்புக்கு எத்தனை கிலோ தண்ணீர் என்று கேட்டிருக்கிறாள். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அன்று காலைக் கணக்கு நேரம் முழுவதும் அதற்கே போனது. நூறு கிலோவில் மூன்றரை, ஆயிரத்தில் முப்பத்தைந்து, அப்போது ஒரு கிலோவுக்கு 1000/35. விடை 28.57 கிலோ. நூறால் பெருக்குவது ஏன் என்ற என் ஜனவரிக் கேள்விக்கு அவள் அன்று தானாகப் பதில் கண்டுபிடித்தாள்.

மேற்பார்வை பார்ப்பவர் அதைக் கேட்டுவிட்டு, இந்த அளத்தில் கடல்நீர் இல்லை, நிலத்தடியிலிருந்து போர் போட்டு எடுக்கும் உப்புநீர், அதில் கடல்நீரைவிட உப்பு அதிகம், அதனால் அவ்வளவு தண்ணீர் வேண்டாம் என்று திருத்தியிருக்கிறார். அதையும் நோட்டில் எழுதியிருந்தாள். தன் விடை எந்தத் தண்ணீருக்குப் பொருந்தும் என்று அடியில் ஒரு குறிப்பும் போட்டிருந்தாள்.

முற்றொருமைகளுக்கு இப்படி எதுவும் கிடைக்கவில்லை. அதற்கு உட்கார்ந்து, விரித்து எழுதி, தப்பு செய்து, மறுபடி எழுதவேண்டும். பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்கவேண்டும். அம்மாவுக்கு அது மறந்துபோயிருந்தது. இரண்டு காலை முயன்றுவிட்டு விட்டுவிட்டார்கள். என்னிடம் போனில் கேட்டபோது நான் விளக்கினேன், ஆனால் வீடு நிறைய உறவினர்கள் பேசிக்கொண்டிருக்க, அவள் ‘சரி மிஸ், சரி மிஸ்’ என்றுதான் சொன்னாள்.

கன்னியாகுமரி: அதே எண்

25ஆம் தேதி கன்னியாகுமரி. திருவள்ளுவர் சிலை பீடத்துடன் 133 அடி, குறளின் அதிகாரங்கள் எத்தனையோ அத்தனை. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு. மேலே சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்து. அம்மா சும்மா பேச்சுக்கு, பீடம் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று கேட்டார். அக்கா நோட்டை எடுத்தாள். 38/133, இரண்டும் 19ஆல் வகுபடும், 2/7 ஆனது. சதவீதமாக்கினால் 28.57.

இரவு எனக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது. “மிஸ், உப்புக்கு வந்த அதே நம்பர் மிஸ். 28.57. எப்படி?”

நான் பதில் சொல்லவில்லை. இரண்டையும் தசமம் ஆக்காமல் பின்னமாகவே எழுதிப் பார் என்று மட்டும் சொன்னேன். அரைமணி நேரத்தில் போட்டோ வந்தது. 1000/35ஐச் சுருக்கினால் 200/7. 2/7ஐ நூறால் பெருக்கினால் 200/7. அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

இதை யாராலும் திட்டமிட முடியாது. பயணம் போனால் கணக்கு தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவும் மாட்டேன். இந்த ஒன்று வாய்த்தது, அவள் அதற்குத் தயாராக இருந்தாள், கையில் ஒரு நோட்டும் இருந்தது.

திரும்பி வந்தபின்

மார்ச் 3 திங்கள்கிழமை இருவரும் பள்ளிக்குப் போனார்கள், மாலை என்னிடம் வந்தார்கள். திட்டமிட்ட 12இல் அக்கா 8 முறை உட்கார்ந்திருந்தாள். தம்பி 17 நாளில் 14 நாள்.

தம்பி அதே பக்கத்தை 1 நிமிடம் 50 விநாடியில் வாசித்தான். ஏழாம் வாய்ப்பாடு நின்றுவிட்டது, எட்டில் இரண்டு இடம் தடுமாறினான். ஆனால் வகுப்பில் அந்த மூன்று வாரமும் வகுத்தல் நடந்திருந்தது. பங்கு போடுவது என்ற பொருள் புரிந்திருந்தாலும், கணக்கை எழுதிச் செய்யும் முறை அவனுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. தனியாக ஆறு நாள் உட்காரவைத்துப் பிடிக்கவேண்டியிருந்தது.

அக்கா தவறவிட்ட சின்னத் தேர்வுகளைத் தனியாக எழுத அனுமதித்தார்கள். சதவீதமும் தனிவட்டியும் பத்துக்கு 9. முற்றொருமைகள் பத்துக்கு 4. சமணர் மலை பற்றி எழுதிய ஒன்றரைப் பக்கத்தை வகுப்பாசிரியை வாங்கிப் படித்து, வளரறி மதிப்பீட்டுக்கான செயல்பாடாகவே ஏற்றுக்கொண்டார். அந்த ஆசிரியைக்கு நாங்கள் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம்.

நோட்ஸ்தான் பிடித்து ஆட்டியது. ஐந்து பாடம், 14 நாள். ஒரு ஆசிரியர் மட்டும் பிரிண்ட் எடுத்து ஒட்டினால் போதும் என்றார், மற்றவர்கள் கையால் எழுதியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வார இறுதியும் பல மாலைகளும் அதற்கே போயின. முற்றொருமைகளைச் சரிசெய்ய நான் ஒதுக்கிய நேரத்தில் அவள் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து புவியியல் நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தாள். தம்பியின் நோட்டில் பாதியை அம்மாவே எழுதினார். இதில் பிள்ளைகள் கற்றது எதுவும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பயணத்தின்போது எழுதியிருந்தால் இந்தப் பாரம் குறைந்திருக்குமே என்று அம்மா ஒருமுறை கேட்டார். குறைந்திருக்கும். ஆனால் உப்புக் கணக்கு நடந்த காலையும் சமணர் மலைக்கு முந்தைய இரவும் அதற்குப் போயிருக்கும்.

ஆண்டுத் தேர்வில் அக்கா கணக்கில் இரண்டாம் பருவத்தைவிட மூன்று மதிப்பெண் குறைவாக எடுத்தாள். போனது முழுக்க முற்றொருமைகளில்.

இன்னொரு முறை என்றால்

பள்ளியுடன் பேசுவதைக் கடிதத்தோடு நிறுத்தமாட்டேன். எந்த நோட்டைக் கையால் எழுதவேண்டும், எதை ஒட்டலாம், எந்தச் சின்னத் தேர்வு எந்த வாரம் வருகிறது, செயல்பாட்டுக்குப் பதிலாகப் பயணத்தில் எழுதியதைத் தரலாமா என்று கிளம்பும் முன்பே ஒவ்வொரு ஆசிரியரிடமும் அம்மா கேட்டு எழுதி வாங்கவேண்டும். சமணர் மலைக் கட்டுரை விஷயத்தில் நல்ல மனமுள்ள ஒருவர் அமைந்தார். முன்பே கேட்டிருந்தால் நோட்ஸ் விஷயத்திலும் இன்னும் இரண்டு பேராவது இளகியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

முற்றொருமைகளை வழியில் கொடுத்து அனுப்பியிருக்கக்கூடாது. ஜனவரியில் ஒரு வாரம் முன்கூட்டியே நானே நடத்தியிருக்கவேண்டும். பக்கத்தில் ஆள் வேண்டிய பாடத்தை வீட்டிலேயே முடித்துவிட்டு, அவளே யோசித்துச் செய்யக்கூடியதை மட்டும் பையில் வைத்திருந்தால் சின்னத் தேர்வில் அந்த ஆறு மதிப்பெண் போயிருக்காது. தம்பி விஷயத்தில் மறந்துவிடுவானோ என்ற பயத்தில் பழையதையே 17 நாளும் வைத்தேன். அதில் ஐந்து நாளை வகுத்தலுக்குக் கொடுத்திருக்கலாம், வாட்ச் கணக்கு நடந்த வாரத்திலேயே எழுதிச் செய்யும் முறையையும் சேர்த்திருக்கலாம்.

அப்பாவை முதல் நாளிலிருந்தே வாட்ச் சொல்லித் தருபவராக வைத்திருப்பேன்.

அவர் ஏப்ரல் 19ஆம் தேதி சைன் ஆன் ஆனார். அடுத்து நவம்பரில் வரக்கூடும் என்று அம்மா சொல்கிறார். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, அதனால் இந்த முறை 22 நாள் முடியாது, தூத்துக்குடி மட்டும் எட்டு நாள் என்று பேசியிருக்கிறோம். தம்பியின் பதிவு நோட்டில் ஆச்சியின் 4 முதல் 8 வாட்சுக்கு நேரே இரண்டு பக்கம் காலியாக விட்டு வைத்திருக்கிறான்.